அமிட்டி கப்பலின் கட்டளைத் தாள் கடலுக்குப் போன விதம்

1809-ஆம் ஆண்டு ஜனவரி பதினேழாம் நாள் ஹல் நகர நீதிபதி அவர்கள் முன்பு தரப்பட்டது.

என் பெயர் தபித்தா மார்வுட். வயது பதினாறு. ஹல் நகரம் டேகர் லேனில், பாய் தைப்பவர் கடைக்கு மேலே உள்ள ஓர் அறையில் அப்பாவோடு குடியிருக்கிறேன். அப்பா பெயர் ஜோசையா மார்வுட். அமிட்டி என்ற இரண்டு பாய்மரச் சரக்குக் கப்பலுக்கு பதினோரு வருடம் கேப்டனாக இருந்தவர். அம்மா இல்லை. நான் பத்து வயது வரைதான் பள்ளிக்குப் போனேன். பதிமூன்று வயதிலிருந்து அமிட்டியில் அப்பாவோடு இருந்து அவருக்குச் சமைப்பது, துணி தைப்பது, படித்துக் காட்டுவது ஆகிய வேலைகளைச் செய்துவந்தேன். பலர் இருக்கும் இடத்தில் எனக்குக் குரல் எழும்பாது. அதனால் எழுத்தர் கேட்டு எழுதுவதற்குப் பதிலாக நானே என் கையால் எழுதித் தர நீதிபதி அவர்கள் அனுமதித்தார்கள்.

அப்பா மேல் உள்ள குற்றச்சாட்டு எனக்குத் தெரியும். சென்ற அக்டோபர் ஒன்பதாம் தேதி மூடுபனியில் காவல் கப்பல் கொடுத்த குறியை வேண்டுமென்றே மீறி, மற்றவர்களுக்கு முன்னால் சந்தைக்குச் சணல் கொண்டுபோகக் கப்பல் கூட்டத்தை விட்டு ஓடினார் என்றும், அவர் மணிச் சத்தத்தை நம்பிப் பின்னால் வந்த ஜூடித் கப்பல் அதனால் நம்மோடு போரிலிருக்கும் டேனியரிடம் பிடிபட்டது என்றும் சொல்கிறார்கள். வரும் வியாழக்கிழமை வழக்கு. தீர்ப்பு எதிராக வந்தால் அப்பா சிறைக்குப் போவார். அதற்குப் பிறகு அவரை நம்பி யாரும் கப்பல் தர மாட்டார்கள். கட்டளைத் தாள் தன்னிடம் அப்போது இல்லை, அதனால்தான் குறி புரியவில்லை என்று அப்பா சொன்னதைப் பொய் என்கிறார்கள். அது பொய் அல்ல. தாள் எப்படிப் போனது என்பது எனக்கு மட்டும் தெரியும். நான் இங்கே வந்திருப்பது அப்பாவுக்குத் தெரியாது.

நடந்தவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

அக்டோபர் நான்காம் தேதி நாங்கள் சுவீடன் நாட்டு கோத்தன்பர்க் துறைக்கு வெளியே நங்கூரமிட்டிருந்தோம். சணலும் இரும்புப் பாளமும் ஏற்றியாகிவிட்டது. நாற்பத்தாறு சரக்குக் கப்பல்கள் சேர்ந்திருந்தன. எங்களை இங்கிலாந்து வரை கொண்டுசேர்க்க ஒரு பெரிய போர்க்கப்பலும் இரண்டு சிறியவையும் வந்திருந்தன. பெரிய கப்பலின் தலைவர்தான் மொத்தக் கூட்டத்துக்கும் தலைவர். அன்று காலை எல்லாக் கேப்டன்களையும் அவர் தன் கப்பலுக்கு வரவழைத்து ஆளுக்கொரு கட்டளைத் தாள் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கினார். அப்பாவும் கையெழுத்துப் போட்டார்.

அது நான்கு பக்கம். பகலில் எந்தக் கொடிக்கு என்ன பொருள், இருட்டில் எத்தனை விளக்கு, மூடுபனியில் எத்தனை குண்டு, பிரிந்துபோனால் எங்கே வந்து சேர வேண்டும் என்று அதில் அச்சிட்டிருந்தது. எண்களை மட்டும் பேனாவால் எழுதி நிரப்பியிருந்தார்கள். எதிரி தெரிந்துகொள்ளாமல் இருக்க ஒவ்வொரு பயணத்துக்கும் இந்த எண்களை மாற்றிவிடுவார்கள். போன பயணத்தில் ஒரு பொருள் தந்த குண்டு இந்தப் பயணத்தில் வேறு பொருள் தரும். அப்பாவுக்குப் பொடி எழுத்து தெரியாது, கண் மங்கல். அதனால் மூன்று சாயங்காலம் நான் அவருக்குப் படித்துக் காட்டினேன். மூன்று தடவையும் ஏதாவது வேலையாக யாராவது வந்து அவரைப் பாதியில் கூப்பிட்டார்கள்.

ஏழாவது கட்டளை, எதிரி நெருங்கித் தப்ப வழியில்லை என்றால் இந்தத் தாளை எடை கட்டி உடனே கடலில் மூழ்கடிக்க வேண்டும் என்பது. தாள் எதிரி கையில் போனால் மற்ற நாற்பத்தைந்து கப்பலையும் அவன் பொய்க் குறி காட்டி இழுத்துக்கொண்டு போய்விடலாம். அதற்காக நான் கித்தான் துணியில் ஒரு பை தைத்து அடியில் இரண்டு பவுண்டு ஈயம் வைத்து மூடினேன். அந்தப் பை கேபினில் பின் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கியது. அப்பா என்னிடம், "எனக்கும் ஆளுங்களுக்கும் அந்த நேரத்துல கை ஒழியாது. இது உன் பொறுப்பு. வந்து என்னக் கேட்டுக்கிட்டு நிக்காத" என்று சொன்னார்.

ஆறாம் தேதி பாய் விரித்துப் புறப்பட்டோம். ஏழாம் தேதி காற்று இல்லை. அன்று மாலை கூட்டத்தின் வால் பக்கம் இருந்த ஒரு சிறு கப்பலை டேனியர் துடுப்புப் படகில் வந்து வளைத்தார்கள் என்றும், காவல் கப்பல் காற்றில்லாமல் நகர முடியாமல் பார்த்துக்கொண்டு நின்றது என்றும் பக்கத்துக் கப்பலிலிருந்து கூவிச் சொன்னார்கள். அப்பாவுக்கு அடுத்த நிலையில் உள்ள ஆம்ப்ளர் என்பவர் அதற்குப் பிறகு இரண்டு வேளை சாப்பாட்டின்போதும் அந்தக் கதையையே சொன்னார். ஒவ்வொரு தடவையும் படகு எண்ணிக்கை கூடியது.

ஒன்பதாம் தேதி காலையிலிருந்து மூடுபனி. காற்று அறவே நின்றுவிட்டது. எங்கள் கப்பலின் முன்முனை கேபின் வாசலிலிருந்து தெரியவில்லை. மதியம் இரண்டு மணி இருக்கும். முன்னால் கிழிந்த பாய் ஒன்றைச் சரிசெய்ய அப்பாவும் ஆட்கள் எல்லாரும் அங்கே இருந்தார்கள். நான் கேபினில் ஜன்னல் அருகே உட்கார்ந்து அப்பாவின் கால்சட்டைக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போது பனிக்குள்ளிருந்து ஒரு படகு வந்தது. பன்னிரண்டு பதினான்கு பேர். சிலர் கையில் வாள். கொடி இல்லை. ஒருவரும் பேசவில்லை. துடுப்புச் சத்தம்கூடக் கேட்கவில்லை. ஜன்னலுக்கும் அவர்களுக்கும் இடையே முப்பது அடிதான் இருந்தது.

நான் எழுந்தேன். அப்பாவிடம் போக வேண்டும் என்றால் மேலே ஏறித் தளம் முழுவதும் கடந்து எல்லார் முன்னாலும் கத்த வேண்டும். கேட்டுக்கொண்டு நிற்காதே என்று அவர் சொல்லியும் இருந்தார். நான் ஆணியிலிருந்து பையை எடுத்து, படகு இல்லாத பக்கத்து ஜன்னல் வழியாகத் தண்ணீரில் விட்டேன். பை உடனே போய்விட்டது.

அதன் பிறகு படகு எங்கள் கப்பலில் மோதியது. படகில் இருந்த ஒருவர், "மெல்ல ஒட்டுங்கடா, முட்டைய ஒடைக்கிற மாதிரி" என்றார். அது டேனியப் பேச்சு அல்ல, எங்கள் பேச்சு. அவர்கள் எங்களைக் காக்க வந்த போர்க்கப்பலின் ஆட்கள். தங்கள் கப்பலில் ஆள் குறைவாக இருந்ததால் சரக்குக் கப்பல்களிலிருந்து மாலுமிகளைக் கட்டாயமாகப் பிடித்துப் போக வந்திருந்தார்கள். சத்தம் கேட்டால் மாலுமிகள் ஒளிந்துகொள்வார்கள் என்பதால் துடுப்புகளில் சாக்கைச் சுற்றியிருந்தார்கள். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர்கள் ஆள் பிடிக்கப் போகும்போதெல்லாம் அப்படித்தான் வருவார்களாம்.

நான் தளத்துக்கு ஏறி வந்தபோது அவர்களுடைய லெப்டினன்ட் அப்பாவிடம், "மாஸ்டர், நல்ல ஆளாப் பாத்து ரெண்டு பேர் குடுங்க. எங்களுக்கும் வேலை சீக்கிரம் முடியும்" என்றார். அப்பா, "ஒம்பது பேர்தான் சார் மொத்தம். ரெண்டு போனா பாய யாரு இழுப்பா, என் பொண்ணா?" என்றார். லெப்டினன்ட் என்னைப் பார்த்து, "ஏன், கெட்டிக்காரியாத்தான் தெரியுது" என்றார். அவருடைய ஆட்கள் சிரித்தார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்குள் எங்கள் மாலுமி ஸ்வேல்ஸ் என்பவர் சரக்கறைக்குள் இறங்கிச் சணல் பொதிகளுக்கு நடுவே புகுந்துவிட்டார். அவருக்கு மார்ச்சளி. தூசியில் இருமல் வந்துவிட்டது. லெப்டினன்ட் சரக்கறை வாயில் குனிந்து, "இத்தன வருஷத்துல இருமுற சணல இப்பத்தான் பாக்குறேன். மேல ஏறி வாப்பா" என்றார். ஸ்வேல்ஸ் உடம்பெல்லாம் நாரோடு ஏறி வந்தார். அவரையும் எங்கள் தச்சர் லீத்லியையும் பிடித்துக்கொண்டார்கள். மற்றவர்கள் எங்காவது ஒளிந்திருக்கிறார்களா என்று அவர்களில் இரண்டு பேர் கேபினுக்குள்ளும் போய்த் தேடினார்கள். ஸ்வேல்ஸ் படகில் இறங்கும்போது என்னிடம், "என் காலுறை அடுப்பாண்ட காயுது. எடுத்து வைம்மா, கருகிடும்" என்றார். நான் எடுத்து வைத்தேன். இன்னும் என்னிடம் இருக்கிறது.

புறப்படும் முன் லெப்டினன்ட், "கட்டளைத் தாள் பத்திரமா இருக்குல்ல? பனி விலகுற வரைக்கும் தலைவர் பீரங்கியாலதான் பேசுவார். தாள் சேதமாயிருந்தா இப்பவே சொல்லுங்க. படகுல இன்னொண்ணு வச்சிருக்கேன்" என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா, "கேபின் ஆணியில தொங்குது சார். என் பொண்ணு தச்ச பை. இந்தக் கப்பல்லயே பத்திரமான சாமான் அது ஒண்ணுதான்" என்றார்.

நான் அப்பாவுக்கு நான்கு அடி தள்ளி நின்றேன். லெப்டினன்ட் சட்டைக்குள் தாள்கள் செருகியிருந்தது தெரிந்தது. சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். எல்லாரும் ஸ்வேல்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நம் ஆளையே எதிரி என்று நினைத்துத் தாளைப் போட்டுவிட்டேன் என்று அத்தனை பேர் நடுவில் என்னால் சொல்ல முடியவில்லை. படகு போன பிறகு அப்பாவிடம் தனியாகச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். படகு போய்விட்டது. அப்பா கோபத்தில் ஒரு வாளியை உதைத்துவிட்டு முன்பக்கம் போய்விட்டார். அப்போதும் நான் சொல்லவில்லை.

லெப்டினன்ட் தன் வாக்குமூலத்தில், தாள் கையில் இருப்பதாக மாஸ்டர் மார்வுட்டே தன்னிடம் சொன்னார் என்று கூறியிருக்கிறார். அவர் சொன்னது உண்மை. அப்பா அவரிடம் சொன்னதும் அப்பா அறிந்தவரை உண்மை.

நான்கு மணி அளவில் தென்மேற்கிலிருந்து காற்று எழுந்தது. ஆனால் பனி விலகவில்லை. கூட்டம் நார்வே பக்கமாக நகர ஆரம்பித்தது. ஒருவர் மேல் ஒருவர் மோதாமல் இருக்கக் கப்பல்கள் எல்லாம் மணி அடித்துக்கொண்டும் தகரம் தட்டிக்கொண்டும் போயின. எங்களுக்குப் பின்னால் ஜூடித் வந்தது. அதன் கேப்டன் எசேக்கியேல் டன்னிங் டேகர் லேனில் எங்கள் எதிர்வீட்டுக்காரர். எங்கள் மணிக்கு அவர் மணி பதில் சொல்லிக்கொண்டே வந்தது. ஆம்ப்ளர், "டன்னிங்குக்கு நம்ம மணி இல்லாட்டி தூக்கமே வராது போல" என்றார்.

ஐந்து மணிக்குப் பிறகு முன்னால் எங்கோ ஒரு பீரங்கிக் குண்டு கேட்டது. ஐந்து நிமிடம் கழித்து இன்னொன்று. அப்பா தாளை எடுக்கக் கேபினுக்கு இறங்கி வந்தார். ஆணி வெறுமையாக இருந்தது. "பை எங்கம்மா?" என்று கேட்டார். நான் தெரியாது என்று தலையாட்டினேன். அவர் கட்டிலுக்கு அடியிலும் பெட்டிக்குப் பின்னாலும் தேடினார். ஆம்ப்ளர் மேலிருந்து எட்டிப் பார்த்து, "தேடாதீங்க கேப்டன். உள்ள வந்தானுங்களே ரெண்டு பேரு, அவனுங்க வேலைதான். கித்தான் பை புதுசா இருந்தா விடுவானுங்களா? புகையிலை போட்டு வச்சிருப்பானுங்க இந்நேரம்" என்றார். அப்பா அதை நம்பினார். தாளைக் கடற்படை ஆட்கள்தான் எடுத்திருப்பார்கள் என்று அப்பா பிறகு விசாரணையில் சொன்னதும், அதனால் அவர்கள் அவர் மேல் இன்னும் கோபப்பட்டதும் இப்படித்தான் வந்தது. அந்த இரண்டு பேரும் எதையும் எடுக்கவில்லை. அவர்கள் மேல் விழுந்த பழியும் என்னால் விழுந்தது.

அதன் பிறகு அப்பாவும் ஆம்ப்ளரும் சுக்கான் அருகே நின்று பேசினார்கள். ஆம்ப்ளர், "ரெண்டு குண்டுன்னா 'போற வழியில அப்படியே போ'ன்னு தானே? வசந்தத்துல வந்தப்ப அதானே" என்றார். அப்பா, "வசந்தம் வசந்தத்தோட போச்சுய்யா. இப்ப என்ன போட்டிருந்துச்சுன்னு கேக்குறேன்" என்றார். ஆம்ப்ளர், "எனக்கு யாரு படிச்சுக் காட்டினா?" என்றார். அப்பா என் பக்கம் திரும்பினார். "தபி, நீதான படிச்ச. பனியில ரெண்டு குண்டு, நடுவுல அஞ்சு நிமிஷம். என்ன போட்டிருந்துச்சு?" என்று கேட்டார். நான் இல்லை என்று தலையாட்டினேன். அவர் என்னைத் திட்டவில்லை. "சரி விடு. நானே கேட்டுட்டு மறந்தவன்" என்றார்.

கால் மணி கழித்து மறுபடியும் இரண்டு குண்டு கேட்டது. இந்தத் தடவை சத்தம் தெற்கே தள்ளிக் கேட்டது. அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "தள்ளிப் போற மாதிரி இல்ல?" என்றார். ஆம்ப்ளர் பனியில் சத்தம் அப்படித்தான் ஏமாற்றும் என்றார். மற்ற மணிகள் குறைந்துகொண்டே வந்தன. ஜூடித்தின் மணி மட்டும் பின்னால் கேட்டுக்கொண்டிருந்தது. அது கேட்டதால் அப்பா, "டன்னிங்கிட்ட தாள் இருக்குல்ல. அவன் நம்ம பின்னால வரான்னா நாம போறது சரிதான்" என்று சொல்லித் திசையை மாற்றாமல் போனார்.

விடியும்போது பனி விலகியது. டேனியர் ஆளும் நார்வேக் கரை மிகப் பக்கத்தில் இருந்தது. அங்கிருந்த வீடுகளில் கதவு எது ஜன்னல் எது என்று தெரிந்தது. கூட்டத்தில் ஒரு கப்பலும் கண்ணில் படவில்லை. அரை மைல் பின்னால் ஜூடித் மட்டும் நின்றது. கரையிலிருந்து ஐந்து துடுப்புப் படகுகள் புறப்பட்டன. எங்களுக்குக் காற்று கிடைத்தது. ஜூடித் நின்ற இடத்தில் காற்று இல்லை, அதன் பாய்கள் தொங்கிக்கொண்டிருந்தன. அப்பா திரும்பிப் போகலாமா என்றார். எங்களிடம் இருந்தது இரண்டு சின்ன பீரங்கி, ஏழு ஆள். நாங்கள் திரும்பவில்லை. படகுகள் ஜூடித்தைச் சுற்றிக்கொண்டன. அதன் கொடி இறங்கியது. கொடி இறங்கும் முன் ஜூடித்தின் பின்பக்கத்திலிருந்து ஒருவர் சின்னப் பை ஒன்றைத் தண்ணீரில் எறிந்ததைப் பார்த்தேன். தாளை எறிய வேண்டிய நேரம் அதுதான்.

அக்டோபர் பதினாறாம் தேதி நாங்கள் தனியாக ஹல் வந்து சேர்ந்தோம். ஜூடித்துக்காகவும் எங்களுக்காகவும் காத்திருந்துவிட்டு வந்ததால் கூட்டம் மூன்று நாள் பிந்தி வந்தது. அதற்குள் கப்பல் முதலாளி சணலை விற்றுவிட்டார். முதலில் வந்த சணல் என்பதால் நல்ல விலை போனது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். கூட்டம் வந்து சேர்ந்ததும் அப்பா மேல் புகார் கொடுத்தார்கள். அமிட்டியை வேறு ஒருவரிடம் ஒப்படைத்தார்கள். அப்பா இப்போது துறையில் பழைய கயிறு பிரிக்கும் வேலைக்குப் போகிறார்.

அதன் பிறகு நவம்பர் மாதம் ஒரு காலை நான் தெரு முனைக் குழாயில் தண்ணீர் பிடிக்க நின்றேன். டன்னிங்கின் மனைவி வந்து என் வாளியைக் காலால் நகர்த்திவிட்டுத் தன் வாளியை வைத்தார். "இருடி, என்ன அவசரம்? உங்க குடும்பத்துக்கு வரிசையில நிக்கிற பழக்கமே கெடையாதே" என்றார். மற்றப் பெண்கள் சிரித்தார்கள். நான் வாளியை எடுத்துக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போனேன். டன்னிங்கின் மனைவிக்கு மூன்று பிள்ளைகள். அன்றிலிருந்து நான் மதியத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்துத் தண்ணீர் பிடிக்கப் போனேன்.

இந்த மாதம் பதினான்காம் தேதி சனிக்கிழமை மதியம், அப்பா வேலைக்குப் போயிருந்தபோது, டன்னிங்கின் மனைவி எங்கள் அறைக்கு வந்தார். கையில் ஒரு கடிதம் இருந்தது. டென்மார்க் சிறையிலிருந்து அவர் கணவர் எழுதி, சுவீடன் வழியாக வந்தது. மனைவிக்குப் படிக்கத் தெரியாது. "தெருவுல படிக்கத் தெரிஞ்சவங்க நாலு பேர் இருக்காங்க. ஆனா நீதான் படிக்கணும். உங்கப்பன் செஞ்சத உன் வாயாலயே கேக்கணும்" என்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நான் நின்றுகொண்டே படித்தேன். முதலில் குரல் வரவில்லை. "பூனைக்குப் படிக்கிறியா? சத்தமாப் படி" என்றார்.

கடிதத்தில், தானும் எட்டு ஆட்களும் உயிரோடு இருப்பதாகவும், ரொட்டி கறுப்பாக இருந்தாலும் கிடைக்கிறது என்றும், தடித்த சட்டை ஒன்று அனுப்பினால் நல்லது என்றும் எழுதியிருந்தது. பிறகு இப்படி இருந்தது. "ரெண்டு குண்டு எனக்கும் கேட்டது. திரும்பணும்னு என் தாளிலும் இருந்தது. ஆனா மார்வுட்டோட மணி திரும்பாம நேரே போச்சு. அந்த ஆள் இருபது வருஷமா இந்தக் கடல்ல போறவர், நான்தான் குண்ட தப்பா எண்ணியிருப்பேன்னு நெனச்சு அவர் மணி பின்னாலயே போனேன். அவர் மேல கோபப்படாத. அவருக்கு ஏதோ காரணம் இருந்திருக்கும். வந்து கேட்டுக்கிறேன்."

நான் அதைப் படித்து முடித்தேன். டன்னிங்கின் மனைவி கடிதத்தை வாங்கி மடித்தார். வரும்போது இருந்த கோபம் அவர் முகத்தில் இல்லை. "சட்டைன்னு எங்க போட்டிருக்கு, காட்டு" என்றார். நான் அந்த வரியைக் காட்டினேன். அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் ஞாயிறு, திங்கட்கிழமையும் நீதிமன்றம் மூடியிருந்தது. இன்று செவ்வாய்க்கிழமை, நீதிமன்ற வாசல் திறந்ததும் இங்கே வந்தேன். என்னை யாரும் சொல்லிக்கொடுத்து அனுப்பவில்லை. தாளைக் கடலில் போட்டது நான். லெப்டினன்ட் கேட்டபோது சொல்லாமல் இருந்ததும் நான். அப்பாவுக்கு இந்த இரண்டும் இன்று வரை தெரியாது.

மேலே எழுதியதை நீதிபதி அவர்கள் இரண்டு முறை படித்துவிட்டு என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். கேள்வியையும் பதிலையும் கீழே எழுதச் சொன்னார்கள். கேள்வி: உன் அப்பா சுக்கான் அருகே நின்று இரண்டு குண்டுக்கு என்ன பொருள் என்று கேட்டபோது நீ தலையாட்டியதாக எழுதியிருக்கிறாய். அப்போது உனக்கு உண்மையில் மறந்துவிட்டதா?

பதில்: மறக்கவில்லை. அது மூன்றாம் பக்கத்தில் மேலிருந்து நான்காவது வரி. "மூடுபனியில், ஐந்து நிமிட இடைவெளியில் இரண்டு குண்டுகள்: எல்லாக் கப்பல்களும் உடனே முகம் திருப்பிக் காற்றின் மறுபக்கத்தில் தெற்கே செல்க, கால் மணி கழித்து இக்குறி மீண்டும் தரப்படும்." அதற்கு அடுத்த வரி, "இடைவெளியின்றி நான்கு குண்டுகள்: பாய் சுருக்கி நின்ற இடத்தில் நிற்க." இரண்டாவது தடவை குண்டு கேட்டபோதும் எனக்குத் தெரிந்திருந்தது. மணிகள் ஒவ்வொன்றாகக் குறைந்தபோதும் ஏன் குறைகின்றன என்று தெரிந்திருந்தது. பை எங்கே என்று கேட்டதற்குத் தெரியாது என்று தலையாட்டிவிட்டேன். குறியின் பொருள் தெரியும் என்றால் பை போன கதையும் வெளியே வந்துவிடும் என்று நினைத்தேன். நான் சொல்லியிருந்தால் அப்பா அந்த நொடியே திருப்பியிருப்பார். அவர் திருப்பியிருந்தால் டன்னிங்கும் திருப்பியிருப்பார்.

நீதிபதி அவர்கள் தம்மிடம் உள்ள கட்டளைத் தாளை எடுத்து நான் எழுதிய இரண்டு வரிகளையும் விரல் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பிறகு, இது உன் அப்பாவுக்கு உதவும், ஆனால் ஜூடித் பிடிபட்டதற்கு இனி உன் பெயரைத்தான் ஊர் சொல்லும், இந்தப் பதிலை அடித்துவிட விரும்புகிறாயா, உனக்கு மறந்துவிட்டது என்று எழுதினாலும் உன் அப்பாவின் தரப்பு நிற்கும் என்று கேட்டார்கள். அடிக்க வேண்டாம் என்றேன்.

இந்த வாக்குமூலத்துக்கு ஒரு நகல் வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். டன்னிங்கின் மனைவிக்குப் படிக்கத் தெரியாது. இன்று மாலை அவர் வீட்டுக்குப் போய் நானே படித்துக் காட்ட வேண்டும்.

இதில் உள்ளவை யாவும் நான் கண்டதும் செய்ததும் செய்யாமல் விட்டதும் ஆகும். கூட்டியோ குறைத்தோ ஒன்றும் எழுதவில்லை. மூன்று இடங்களில் எழுத்துப் பிழை திருத்தியிருக்கிறேன். ஒவ்வொன்றின் ஓரத்திலும் என் பெயரின் முதலெழுத்து இருக்கிறது.

(ஒப்பம்) தபித்தா மார்வுட்

என் முன்னிலையில் தன் கையால் எழுதி, கேட்டுக்கொண்டபடி முழுவதையும் வாய்விட்டுப் படித்துக் காட்டிக் கையெழுத்திட்டார். அறையின் கடைசி வரிசை வரை கேட்டது.
(ஒப்பம்) நீதிமன்ற எழுத்தர்